நாலு நிமிஷக்காரர்

மலைமேல் இருந்த அந்த ஆய்வு நிலையத்தில் அவரை எல்லாரும் 'நாலு நிமிஷம்' என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டோடு சரி. ஆட்டை அறுத்த கையோடு மண்டையைத் திறந்து, மூளையைக் கீறல் விழாமல் முழுசாக எடுத்து, புகை கக்கும் நைட்ரஜன் குடுவைக்குள் இறக்க அவருக்கு நாலு நிமிஷம் போதும். அதற்குமேல் போனால் மூளைக்குள் இருக்கிற சேதி அழிய ஆரம்பித்துவிடும் என்பார் ஆய்வாளரம்மா. படித்த பிள்ளைகள் சிலர் முயன்று பார்த்தார்கள். அவர்களுக்கு வந்தது கூழ்.

கீழே கறிக்கடையில் நின்றவரை "ஒரே மாசம்தான்" என்று சொல்லி ஜீப்பில் ஏற்றி வந்தார்கள். நியமன ஆணையில் 'ஆய்வு முடியும்வரை' என்று போட்டிருந்தது. மனுஷன் பெருமையாகக் கையெழுத்துப் போட்டார். எட்டு வருஷம் ஓடிவிட்டது. ஆய்வு என்பது முடிகிற சாமான் இல்லை என்று அன்றைக்கு யார் கண்டார்கள்?

அந்த உயரத்தில் காற்றுகூடக் கஞ்சத்தனம் பண்ணும். பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்கும். எவ்வளவு நேரம் கொதித்தாலும் பருப்பு வேகாது. குளிருக்குப் பயந்து அவர் அறை ஜன்னலை ரப்பர் வைத்து ஒரேயடியாக அடைத்திருந்தார்கள். கட்டிலிலிருந்து கதவு நாலு எட்டு, கதவிலிருந்து ஆட்டுக் கொட்டகை அறுபது எட்டு. அவர் உலகம் அவ்வளவுதான்.

கீழே பிறந்து மேலே கொண்டுவந்த ஆடுகளுக்குக் காதில் நீல வில்லை, மேலேயே பிறந்தவற்றுக்கு மஞ்சள். இரண்டின் மூளையையும் ஒப்பிடுவதுதான் ஆய்வு. ஒருநாள் அவர் ஆய்வாளரம்மாவிடம் கேட்டார்.

"உசரத்துக்கு வந்தா மூளைக்குள்ள என்னம்மா ஆவுது?"

"மரபணு அப்படியேதான் இருக்கும். ஆனா சிலது அடங்கிப்போகுது, சிலது அதிகமா வேலை செய்யுது. வீட்ல சுவிட்சப் போடறது, அணைக்கறது மாதிரின்னு வெச்சுக்கங்க."

"தலையெழுத்துன்னு சொல்லுங்க. திரும்பக் கீழ போனா பழையபடி ஆயிடுமா?"

அம்மா பேனாவைக் கீழே வைத்தார். "தெரியலையே. நல்ல கேள்வி."

அவர் ஆட்டுக்காகக் கேட்கவில்லை. போன விடுமுறையில் வீட்டுக்குப் போனபோது மூன்று நாள் தூக்கம் வராமல் சும்மா புரண்டார். அவர் மேலே வந்த வருஷம் பிறந்த மகள், "ஃபோன் அப்பா வந்திருக்காரு" என்று தோழிகளிடம் காட்டினாள். அன்றைக்கு அவருக்கு நெஞ்சு அடைத்தது. அதற்கு உயரத்தைக் குறை சொல்ல முடியாது.

வீட்டுக்குப் பக்கத்தில் நகராட்சி ஆடறுக்கும் கூடத்தில் ஓர் இடம் காலி. மாற்றல் ஆணையும் வந்துவிட்டது. ஆய்வாளரம்மா விடுவிப்பு ஆணையில் கையெழுத்துப் போட்டால் போதும். மாதக் கடைசி தாண்டினால் அந்த இடம் வேறு ஆளுக்குப் போய்விடும். "உங்கள விட்டா எனக்கு யாரு இருக்கா?" என்று அம்மா அந்தத் தாளை மேசை டிராயருக்குள் போட்டுவைத்திருந்தார்.

ஃபோனில் மனைவிதான் வழி சொன்னாள். "ஏங்க, ரெண்டு மூணு மூளைய உடைச்சு வைங்களேன். கை போயிடுச்சுன்னு அவங்களே அனுப்பிடுவாங்க."

"செய்யற பொழப்பக் கெடுக்கச் சொல்றியா?"

"பொழைக்கச் சொல்றேன்."

மாதக் கடைசிக்கு முந்தின நாள் ஆறு ஆடுகள். ரம்பத்தை ஒரு விரல்கடை கூடுதலாக அழுத்தினால் வேலை முடிந்தது. முதல் ஆட்டில் அழுத்தத்தான் நினைத்தார். கை எலும்போடு நின்றுகொண்டது. சரி, அடுத்ததில் பார்க்கலாம் என்றார் தனக்குள். அடுத்ததிலும் நின்றது. ஆறாவது ஆட்டுக்கு வரும்போது வியர்த்து விறுவிறுத்துப் போனார். பாழாய்ப்போன கை, இத்தனை வருஷம் சொன்னதைச் செய்த கை, அன்றைக்குப் பார்த்து மக்கர் பண்ணியது. ஆறு மூளையும் முழுசாகக் குடுவைக்குள் போயின.

"மூணு நிமிஷம் இருபது," என்றார் அம்மா, கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தபடி. "இவ்வளவு சுத்தமா வந்ததே இல்ல. அப்புறம் ஒரு சந்தோஷமான சேதி. கீழ போனா பழையபடி ஆகுமான்னு கேட்டீங்கல்ல, அதையே புது ஆய்வா எழுதி அனுப்பினேன். அனுமதி வந்துடுச்சு. மிச்ச நீல ஆடுங்கள நாளைக்கே கீழ அனுப்பறோம்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. "அப்ப நான்?"

"மஞ்சள் இங்கதானே இருக்கு. கீழ மூளை எடுக்க வேற ஆளப் பிடிச்சாச்சு."

"அந்தாள இங்க கூப்பிட்டுட்டு என்னைக் கீழ அனுப்பலாமேம்மா."

"உங்களுக்குத்தான் இந்த உசரம் பழகிடுச்சே."

மறுநாள் காலை நீல வில்லை ஆடுகளை ஒவ்வொன்றாகத் தூக்கி லாரியில் ஏற்றியது அவர்தான். லாரி வளைவில் மறைந்ததும் ஃபோன் அடித்தது.

"உடைச்சீங்களா?" என்றாள் மனைவி.

"கை வரலடி." நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தார். அவளுக்குப் பின்னால் மகளின் குரல் கேட்டது: "யாரும்மா, ஃபோன் அப்பாவா? வர்றாராமா?"

"இல்லடி," என்றாள் மனைவி. "ஆடுங்கதான் வருதாம்."