தலையைத் தாங்கும் கை

எங்கள் முதல் குழந்தை எட்டாம் மாதத்தில் நெஞ்சுச்சளி கண்டு இறந்துபோனது. அப்போது மஞ்சூருக்குப் பக்கத்தில் ஓர் எஸ்டேட்டில் இருந்தோம். கணவருக்கு டீ ஃபேக்டரியில் வேலை. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் அழாதே, சின்ன வயசுதானே, இன்னொன்று பிறக்கும் என்றார்கள். நான் அழவில்லை. அழுகை வரவில்லை. இடுப்பு மட்டும் ஒரு பக்கமாக ஒடிந்தே நின்றது, குழந்தை இன்னும் அங்கே உட்கார்ந்திருப்பதுபோல.

மூன்று மாதம் கழித்து ஊட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பஸ்ஸைத் தவறவிட்டேன். மூட்டம் இறங்கி ரோடே மறைந்துவிட்டது. பக்கத்தில் ஒரு மாதா கோயில் திறந்திருந்தது. அதுவரை அப்படியொரு கோயிலுக்குள் நான் போனதில்லை. செருப்பை வாசலில் விட்டு உள்ளே போனேன். மூட்டமும் கூடவே வந்தது. மெழுகுத்திரிகள் தண்ணீருக்கு அடியில் எரிவதுபோலத் தெரிந்தன.

ஓரத்தில் ஒரு சொரூபம். இறந்த மகனை மடியில் கிடத்தியிருக்கிறாள் ஒரு தாய். வளர்ந்த பிள்ளை, கால்கள் மடியைத் தாண்டித் தொங்கின. தலையைத் தாங்கும் இடது கை மட்டும் அவளுக்கு இல்லை. அருகில் ஒரு பெரியவர் சாந்து குழைத்துக்கொண்டிருந்தார். கழுவுவதற்காக இறக்கியபோது உடைந்துவிட்டதாம். பெரிய வெள்ளிக்குள் முடிக்க வேண்டும், எத்தனை தடவை செய்தாலும் கை கையாக வரமாட்டேன் என்கிறது என்றார். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஏனுங்கம்மா, தலை சாயாம புள்ளைய எப்படித் தாங்குவீங்க? கொஞ்சம் காட்டுங்களேன்."

படியில் உட்கார்ந்து கையை மடித்தேன். விரல்கள் தாமாகவே விரிந்துகொண்டன. கடைசி நாளில் அந்தத் தலை அவ்வளவு கனத்தது. அந்தக் கனத்துக்குத்தான் அப்படி விரிந்தன. அவர் என் கையைப் பார்ப்பதும் சாந்தை வழிப்பதுமாக இருந்தார். கை மரத்துப்போனது. இறக்க மனம் வரவில்லை. அதை அவர் கவனித்திருக்க வேண்டும்.

வேலையை நிறுத்தாமலே, "என்ன குழந்தைங்க?" என்றார்.

"பொண்ணுங்க."

"பேரு வெச்சிருந்தீங்களா?"

சொன்னேன். இறந்த பிறகு அந்தப் பெயரை யாரும் என்னிடம் கேட்டதில்லை. சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அவர் அழாதே என்று சொல்லவில்லை. ஈரக் கையைத் துடைத்துவிட்டு, கீழே சற்றுத் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. இருட்டுகிற நேரத்துக்குத்தான் வீடு வந்தேன். ரோட்டுக்கே வந்து நின்ற கணவரிடம் நடந்ததைச் சொன்னேன். வேலைச்சட்டையைக்கூடக் கழற்றாமல் கேட்டுக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் நாங்கள் இருவரும் எங்கள் பெண்ணைப் பற்றிப் பேசத் தொடங்கினோம்.