லேட் வெள்ளையன் நேரில் வந்தார்

போன செவ்வாய்க்கிழமை, இறந்துபோன ஒருவர் என் வீட்டுக் கதவைத் தட்டினார்.

பயப்படாதீர்கள். பகல் பதினொரு மணி. வந்தவர் செருப்பை வாசலில் கழற்றினார், தண்ணீர் கேட்டார், ஒரு சொம்பைக் காலி செய்தார். பேய்க்கு இத்தனை தாகம் இருக்காது.

பெயர் வெள்ளையன். மலைமேல் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் ஒரு குக்கிராமம். சாமையும் கேழ்வரகும் விளைகிற ஒரு துண்டு நிலம், ஓரத்தில் இரண்டு பலாமரம். அப்பா காலத்திலிருந்து உழுகிற நிலம்தான் — ஆனால் பட்டா கிடையாது. மனு மேல் மனுவாகப் போட்டு, ஒருவழியாக வெள்ளிக்கிழமை விழாவில் மேடையேற்றிப் பட்டா கொடுப்பதாக இருந்தது.

"சாரு, நான் செத்துட்டேனாமே?" என்று ஒரு கடிதத்தை நீட்டினார்.

வாங்கிப் படித்தேன். 'காலஞ்சென்ற வெள்ளையன் என்பவரின் வாரிசுகள், அன்னாரின் இறப்புச் சான்றிதழ் மற்றும் வாரிசுச் சான்றிதழுடன் விண்ணப்பிக்கவும். அதுவரை பட்டா வழங்குதல் நிறுத்திவைக்கப்படுகிறது.' கீழே முத்திரை, கையெழுத்து, எல்லாம் கச்சிதம்.

"இதை யார் வாங்கினது?"

"நான்தான். ரிஜிஸ்டர் தபாலாச்சே... கையெழுத்து போட்டுத்தான் வாங்கினேன்."

கூட வந்திருந்த அவர் மனைவி சென்னம்மா குறுக்கே புகுந்தார். "யோவ், நீ செத்தா பட்டா என் பேருக்கு வருமான்னு சாரைக் கேளுய்யா. உசுரோட இருந்து இன்னா கிழிச்சே? செத்தாவது ஒரு வேலை ஆவட்டும்."

"வர்ற வழியெல்லாம் இதேதான் சொல்றா சாரு!"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தக் கடிதத்தை நாலாக மடிப்பதும் பிரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தார். கடைசியில் கேட்டுவிட்டார் — "வெள்ளிக்கிழமைக்குள்ள உசுரு வந்துடுமா சாரு?"

நியாயமான கேள்வி. இறந்தால்தான் இறப்புச் சான்றிதழ். அது இருந்தால்தான் பட்டா. ஆக, மனிதர் உயிரோடு இருக்கிற வரை நிலம் கிடைக்காது!

என்னிடம் ஏன் வந்தார்? வருவாய்த் துறையில் முப்பத்து நாலு வருடம் குப்பை கொட்டியவன் நான். எந்த மனு எந்த மேஜையில் எத்தனை நாள் தூங்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். ஓய்வு பெற்று மலைக்கு வந்த பிறகும் புத்தி போகுமா? பட்டா மனுக்களைச் சரிபார்க்கும் முகாம் எங்கே நடந்தாலும் அழைக்காமலே போய் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவேன்.

உடனே ஆங்கிலத்தில் ஒரு மனு தட்டினேன். சுருக்கமாக, கம்பீரமாக. 'வெள்ளையன் லேட் அல்ல. சரிபார்ப்பு முகாமுக்கு லேட்டாக வந்தார், அவ்வளவே.' முகாம் பதிவேட்டில் யாரோ எழுதிய 'லேட்'தான் கடிதத்தில் 'காலஞ்சென்ற' ஆகியிருக்கும் என்று ஊகித்தேன்; அவர் அன்றைக்குத் தாமதமாக வந்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. எப்படி ஞாபகம் என்று அப்போது யோசிக்கவில்லை...

மூவருமாக வருவாய்த் துறை அலுவலகத்துக்குப் போனோம். அங்கே ரெஹானா என்று ஒரு இளநிலை உதவியாளர். வாணியம்பாடிப் பெண். வாய் கொஞ்சம் துடுக்கு. வேலை அதைவிட வேகம்.

மனுவை இரண்டு தடவை படித்தார்.

"சார், மொத வரியில லேட் இல்லைங்கறீங்க. ரெண்டாவது வரியில லேட்டுங்கறீங்க. எதை எடுத்துக்கறது?"

"அம்மா, அது வேற லேட்டு, இது வேற லேட்டு."

"ஸ்பெல்லிங் ஒண்ணாத்தானே சார் இருக்கு? அப்புறம்... மனுதாரர் கையெழுத்துன்னு இவரே போட்டிருக்காரு. லிஸ்ட்டுல இவர் இல்லாதவராச்சே. இல்லாதவர் எப்படி மனு போடுவாரு?"

"நான் வேணா போடட்டுமா?" என்றார் சென்னம்மா.

"நீங்க போட்டா வாரிசு ஆயிடுவீங்கம்மா."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "மூலப் பதிவேட்டை எடுங்கம்மா. முகாமில் இவர் பேருக்கு முன்னால் லேட் என்று எழுதிய அதிமேதாவி யாரென்று பார்ப்போம். அந்த ஆளிடம் எழுத்துமூலம் விளக்கம் வாங்கணும். சும்மா விடக்கூடாது!"

ரெஹானா எழுந்து போனார். வருகைப் பதிவேட்டைக் கொண்டுவந்து, பக்கம் தேடாமலே சரியாகத் திறந்து, என் பக்கம் திருப்பி வைத்தார்.

சிவப்பு மை. பெயருக்கு இடப்பக்கம், ஆங்கிலத்தில், சற்றே சாய்வாக ஒரு 'லேட்'. டி எழுத்தின் தலைக்கோடு அடுத்த கட்டம்வரை நீண்டிருந்தது.

அப்படிக் கோடு இழுக்கிற ஆளை எனக்குத் தெரியும். எழுபது வருடப் பழக்கம்.

"கையெழுத்து முத்து முத்தா இருக்கு சார்," என்றார் ரெஹானா.

ஆமாம்... நானேதான். முகாமில் பதிவேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று கொடுத்திருந்தார்கள். பத்து மணிக்கு மேல் வந்தால் சிவப்பு மையில் லேட் — முப்பத்து நாலு வருடம் செய்த காரியம். கை தானாகவே செய்துவிட்டது. தட்டச்சு செய்தவர் அதைப் பெயரோடு சேர்த்தே அடித்துவிட்டார். நம் ஊர்க் கல்யாணப் பத்திரிகைகளில் அந்த இடத்தில் லேட் என்று போட்டால் என்ன அர்த்தம்? அதே அர்த்தத்தில், அடுத்த மேஜை அவரை இறந்தோர் பட்டியலுக்கு அனுப்பிவிட்டது. யார் மேலும் தப்பில்லை. என் மேல் மட்டும்தான்.

வெள்ளையனிடம் திரும்பினேன். "நான்தாம்பா எழுதினது. மன்னிச்சுக்க."

"பரவால்ல சாரு. அன்னிக்கு ஜீப்பு வரலை. மூணு மணி நேரம் நடந்து வந்தேன். நீங்க ஏன் லேட்டுன்னு கேட்டிருந்தீங்கன்னா சொல்லியிருப்பேன்."

கேட்கவில்லைதான். பதிவேட்டில் அதற்குக் கட்டம் கிடையாது.

எத்தனையோ பேரிடம் விளக்கம் வாங்கியிருக்கிறேன். முதல் தடவையாக நானே எழுதினேன் — தமிழில். 'மேற்படி நபரைக் கொன்றது என் பேனா. அவர் உயிருடன் என் எதிரில் உட்கார்ந்து டீ குடிக்கிறார்.' முதல் வாக்கியத்தை ரெஹானா அடிக்கச் சொன்னார். அடித்தேன். கோப்பை அவரே தூக்கிக்கொண்டு மேஜை மேஜையாக ஓடினார். ஆபீஸ் மூடுவதற்குள் வெள்ளையனுக்கு உயிர் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் அகராதியை எடுத்தேன். அவமானப்பட்டால் அகராதி பார்ப்பது என் வழக்கம்.

பழைய ஆங்கிலத்தில் லேட் என்றால் மெதுவான, சோம்பலான. அவ்வளவுதான். சாவு நடுவில் வந்து ஒட்டிக்கொண்டது — 'அண்மைவரை இருந்தவர்' என்று நாசூக்காகச் சொல்லப்போய், ஆளையே முடித்துவிட்டார்கள். 'ஐயோ' என்று பொருள்படும் ஆங்கில 'அலாஸ்'கூட இதற்குத் தூரத்துச் சொந்தமாம். எழுத்து நாலுதான்: எல், ஏ, டி, இ. கடைசி இ வாயே திறக்காது. ஆனால் முன்னால் இருக்கிற ஏ-யை இழுத்து நீட்ட வைப்பது அதுதான். எங்கள் ஆபீஸில் அப்படிச் சில சூப்பிரண்டுகள் இருந்தார்கள்.

சரி, நம் தமிழ் மட்டும் என்ன யோக்கியம்? தாமதம் என்ற சொல்லும் தாமச குணத்திலிருந்து வந்தது என்கிறார்கள். அதுவும் மந்தம், சோம்பல்தான்!

ஒன்று நிச்சயம். இந்த இரண்டு சொற்களையும் உண்டாக்கியவர்கள் யாரும் நெல்லிவாசல்நாட்டிலிருந்து நடந்து வந்ததில்லை.

வெள்ளிக்கிழமை விழா. பத்து மணி என்று அழைப்பிதழ். வெள்ளையன் ஏழு மணிக்கே வந்து, சலவைச் சட்டையில், முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். பட்டா கொடுக்க வேண்டிய பிரமுகர் பன்னிரண்டே முக்காலுக்கு வந்து இறங்கினார்.

வெள்ளையன் பெயரை வாசித்தார்கள். வெறும் வெள்ளையன் — முன்னால் ஒன்றும் இல்லை. பட்டாவில் சென்னம்மா பெயரும் சேர்ந்தே இருந்தது, இந்த வகைப் பட்டாவில் சட்டப்படி அப்படித்தான். அதற்கு யாரும் சாக வேண்டியதில்லை. இருவரும் மேடையேறி வாங்கிக்கொண்டு இறங்கி நேரே என்னிடம் வந்தார்கள். பட்டாவைத் தொட்டுப் பார்க்கக் கொடுத்தார் வெள்ளையன்.

சென்னம்மா மட்டும் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் சட்டைப்பையில் இருந்த சிவப்புப் பேனாவைப் பார்த்தார்.

"ஏன் சாரு... ரெண்டே முக்கா மணி நேரம் கழிச்சு வந்தாரே, அவர் பேருக்கு முன்னால இன்னா எழுதுவீங்க?"

பேனாவை எடுத்து உள்பையில் போட்டுக்கொண்டேன்.