முதல் பேஸுக்குப் பின்னால் லுமிர்

சென்ற பிப்ரவரியில் காலமான லுமிர் ஹவ்ரானெக், முப்பத்தொரு குளிர்காலம் எங்கள் பக்கத்துச் சாலைகளில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவன். செய்தித்தாள் குறிப்பில் அது இருக்கிறது. பேஸ்பால் இல்லை. அதை நான் எழுதுகிறேன்.

1957 கோடையில் எங்கள் நெப்ராஸ்கா ஊர்ச் சிறுவர் அணியில் அவனுக்கு வலது மூலை. பந்து அதிகம் போகாத இடம். அதனால்தான் அங்கே நிறுத்தினார்கள். அந்தப் பருவம் முழுக்க அவன் மட்டையால் பந்தைத் தொட்டது நான்கு முறை. ஐந்து என்பான் அவன் தம்பி. ஐந்தாவது முறை பந்துதான் வந்து மட்டையில் பட்டது, லுமிர் குனிந்திருந்தான்.

ஆனால் ஒரு வேலையை அவன் ஒருநாளும் விட்டதில்லை. யார் முதல் பேஸுக்கு, அதாவது மட்டையடித்தவன் முதலில் ஓடித் தொடவேண்டிய இடத்துக்கு, பந்தை எறிந்தாலும், மூலையிலிருந்து ஓடிவந்து அந்த பேஸுக்குப் பின்னால் நிற்பான், பந்து தவறினால் தடுப்பதற்கு. அந்தப் பக்கம் பந்து தவறியதே இல்லை. மறுபடி மூலைக்கு ஓடுவான்.

"எந்த ரயிலைப் புடிக்கடா இந்த ஓட்டம்?" என்பான் முதல் பேஸில் நிற்கும் ஸ்டான்லி.

"கோச் ஜாதினா ஓடச் சொன்னாரு."

"அது ஏப்ரல்ல சொன்னது. அவருக்கே மறந்திருக்கும்."

ஆகஸ்ட் பதினொன்று, ஞாயிறு, பக்கத்து ஊருடன் கடைசி ஆட்டம். மூன்றாம் பேஸில் நான். அதற்குள் இரண்டு பந்துகளைக் கோட்டைவிட்டிருந்தேன். கறிக்கடைக்காரரும் எங்கள் பயிற்சியாளருமான ஜாதினா என்னை அருகில் அழைத்தார்.

"ஆல்பின், இன்னொண்ணு விட்டே, அடுத்த வருஷம் மூணாம் பேஸ் வேற பையனுக்கு. நீ பெஞ்சுல உக்காந்து ஸ்கோர் எழுது. அது உனக்கு நல்லா வருது."

கடைசி இன்னிங்ஸ். ஒரு ரன் முன்னிலையில் இருந்தோம். இன்னும் ஒருவனை அவுட்டாக்கினால் வெற்றி. எதிரணிப் பையன் ஒருவன் முதல் பேஸில் நின்றான். அடுத்தவன் அடித்த பந்து என்னிடம் வந்தது. சுத்தமாகப் பிடித்து முதல் பேஸுக்கு எறிந்தேன். அது ஸ்டான்லியின் தலைக்கு மேலே பறந்தது. பின்னால் சரிவு, அதற்கப்பால் சோளக்காடு. பந்து உள்ளே போனால் அடித்தவனும் முதல் பேஸில் நின்றவனும் ஓடி முடித்து இரண்டு ரன் எடுத்துவிடுவார்கள்.

அங்கே லுமிர் நின்றான். பிடிக்கவில்லை; பந்து நெஞ்சில் அடித்து விழுந்தது. எடுத்தான். முதல் பேஸிலிருந்து கிளம்பியவன் மூன்றாம் பேஸைத் தாண்டி, தொட்டால் ஒரு ரன் ஆகிவிடும் ஹோமுக்கு வந்துகொண்டிருந்தான்.

"எறிடா! லுமிர், எறிடா!"

தன் எறி எங்கே போகும் என்று லுமிருக்குத் தெரியும். ஹோமைத் தொடும் முன் பந்தோடு தொட்டுவிட்டால் வந்தவன் அவுட். பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு லுமிரும் ஹோமை நோக்கி ஓடினான். இருவரும் மோதிப் புழுதியில் உருண்டார்கள். நடுவர் குனிந்து பார்த்தபோது பந்து லுமிரின் கைகளுக்குள் இருந்தது.

அவுட்.

நானும் லுமிரும் நடந்தே வீடு திரும்பினோம்.

"நெஞ்சு வலிக்குதாடா?"

"வலிக்காம? கல்லெறியுற மாதிரி எறியுற."

"நான் தப்பா எறிவேன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"எங்க தெரிஞ்சுது? நீ நல்லாத்தான் எறிவேன்னு நெனச்சேன். இருந்தாலும் வந்தேன்."

அடுத்த இரண்டு கோடையும் மூன்றாம் பேஸ் என்னிடமே இருந்தது. ஜாதினா லுமிருக்கு வேறு இடம் தருவதாகச் சொன்னார். வலது மூலையே போதும் என்றான்.