அவருக்குப் பிடித்த பாட்டு

எண்பதுகளின் தொடக்கத்தில் என் கணவர் சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்திரண்டாம் வயதில் அவருக்கு வலது பக்கம் இழுத்துக்கொண்டது. கால் இரண்டு மாதத்தில் ஓரளவு தேறிவிட்டது. கை மட்டும் மார்போடு மடங்கியே கிடந்தது. "தினமும் ரெண்டு வேளை கையைத் தூக்கிப் பழக்கணும்மா. விட்டா அப்படியே இறுகிரும்" என்றார் டாக்டர்.

வீட்டு உத்தரத்தில் பழைய கிணற்றுக் கப்பி ஒன்றைக் கட்டிக் கயிறு போட்டேன். ஒரு நுனியை அவருடைய வலது மணிக்கட்டில் கட்டிவிடுவேன். மறுநுனியை இடது கையால் இழுத்தால் வலது கை மேலே வரும். நாலு தடவை இழுத்துவிட்டு, "போதும்ட்டி, உயிர் போகுது" என்று கயிற்றை விட்டுவிடுவார்.

பம்பாயில் இருந்த என் தம்பி வாங்கித் தந்த டேப் ரிக்கார்டர் வீட்டில் இருந்தது. அதில் எனக்குப் பிடித்த சாமி பாட்டுகளைப் போட்டுப் பார்த்தேன். அவர் கயிற்றைத் தொடவே இல்லை. ஒருநாள் அவர் மணிக்கட்டில் கயிற்றைக் கட்டிவிட்ட நேரம், பக்கத்துத் தெருக் கல்யாண வீட்டில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக் குத்துப்பாட்டு போட்டார்கள். தறிச் சத்தத்துக்கு மேலே ரேடியோவை அலறவிட்டு அவர் கேட்கிற ரகம். பாட்டு முடியும்வரை கயிறு நிற்கவில்லை. இருபத்தாறு தடவை.

மறுநாளே அந்த மாதிரிப் பாட்டுகளாக ஒரு கேசட் பதிந்து வாங்கிவந்தேன். கை மேலே போனால் பாட்டு. கயிறு நின்றால் பொத்தானை அமுக்கிவிடுவேன். "ஏட்டி, நல்ல இடத்துல நிப்பாட்டுதியே!" என்று சிரித்துக்கொண்டே மறுபடி இழுப்பார். ஐப்பசி முடிவதற்குள் விரல்நுனி காதைத் தொட்டது. தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

எனக்கு அது போதவில்லை. கை தலைக்கு மேலே போனால்தான் பாட்டு என்று மாற்றினேன். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுப்பதைப் பார்த்தபடியே பொத்தானில் விரலை வைத்திருந்தேன். வேறு நேரத்தில் ஆசையாகப் பாட்டுக் கேட்டாலும், "கயித்தைப் பிடிங்க, போடுதேன்" என்பேன்.

மார்கழியில் ஒரு காலை. பாட்டு தொடங்கியதுமே அவர் முகம் கோணியது.

"என்னங்க, இன்னும் தூக்கவே இல்லையே?"

"அந்தப் பாட்டைக் கேட்டாலே கை வலிக்குதுட்டி. நிப்பாட்டு."

"வேற கேசட் போடட்டா?"

"ஒண்ணும் வேண்டாம். எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். அதையும் வேலையாக்கிட்டே."

குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு அவர் கயிற்றுப் பக்கம் போகவில்லை. நான் கெஞ்சினேன், அழுதேன், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தேன். மாசி பிறப்பதற்குள் கை பழையபடி மார்போடு ஒட்டிக்கொண்டது. டீக்கடையில் அந்த மாதிரிப் பாட்டு வந்தால் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோகிறார் என்று கடைக்காரர் சொன்னார். ஒரு சாயங்காலம், "கையத் தூக்க வேண்டாம், சும்மா கேளுங்க" என்று போட்டேன். இடது கையால் வலது தோளைப் பொத்திக்கொண்டு தெருவில் போய் நின்றார். பாட்டை நிறுத்திய பிறகும் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

இன்னும் ஏழு வருஷம் இருந்தார். எங்கள் வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்கவே இல்லை. அவர் இறந்த அன்று, குளிப்பாட்டிய உறவுக்காரர்கள் மடங்கிய கையை நேராக்கப் பார்த்தார்கள்.

"விடுங்க, இழுக்காதீங்க" என்று கத்தினேன்.

விட்டுவிட்டார்கள்.