சம்பின் மேல் நடந்த பசு

சாவகச்சேரிக்குப் போகிற பஸ்ஸின் சில்லுக்குக் காற்றுப் போய்விட்டதால் எல்லோரும் இறங்கி நிற்கிறோம். தெருவோரக் குளத்தில் சம்புப் புல் என்னைவிட உயரமாக வளர்ந்திருக்கிறது. அதன் ஓரத்தில் ஒரு சினைப்பசு வயிறு வரை சேற்றில் புதைந்திருக்கிறது. மாட்டுக்காரப் பெண் சம்பை வெட்டி வெட்டிக் கரைப்பக்கமாகப் போடுகிறார்.

"கயிறு போட்டு இழுக்கலாமே?" என்று கூச்சத்துடன் கேட்கிறேன்.

"இழுத்தால் வயித்துக் கண்டுக்கு ஆகாது, அண்ணை. பாத்துக்கொண்டு நிக்காமல் உந்தச் சம்பைத் தூக்கித் தாங்கோ."

செருப்பைக் கழற்றிவிட்டு இறங்குகிறேன். விரலால் அமுக்கினாலே பஞ்சுபோல் உள்ளே போகிற தண்டு இது. பசுவைத் தாங்குமென்று எனக்கு நம்பிக்கையில்லை. அவர் பசுவுக்கு முன்னால் ஒரு வரிசையை நீளவாக்கிலும் அடுத்ததைக் குறுக்காகவும் அடுக்குகிறார். பிறகு அதன் கால்களைச் சுற்றிச் சேற்றைக் கையால் தோண்டுகிறார்.

"எழும்படி, என்ரை ராசாத்தி!"

பசு முன்னங்காலைச் சம்பின் மேல் வைக்கிறது. சம்பு அமிழ்கிறது. கொஞ்சம் அமிழ்ந்து, அப்படியே நிற்கிறது. அவ்வளவு பெரிய உடம்பு, வயிற்றுக் கன்றோடு, பாயில் நடப்பதுபோல் சேற்றின் மேல் நடந்து வருகிறது.

"அண்ணை, பஸ்ஸிலை வாறியளோ, மாட்டிலை வாறியளோ?" என்று சில்லை மாற்றி முடித்த கொண்டக்டர் கத்துகிறார்.

கரையேறிய பசு திரும்பி, தன்னைத் தாங்கிய சம்பில் ஒரு வாய் கடிக்கிறது.