மாடிப்படி ஏறிய பல்வலி

என் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். அவருடைய அப்பா இறந்தபோது ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. "ஆம்பளைன்னா இப்படி இருக்கணும்" என்று எல்லார் முன்னாலும் தோளைத் தட்டியவன் என் அண்ணன். அவன் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறான். கிளட்ச், பிரேக் சொல்லித் தருவதைவிட ஆட்களுக்குப் பட்டப்பெயர் வைப்பதில் கெட்டிக்காரன். அவனிடம் வேலை பார்த்த ஒருவர் மனநல டாக்டரிடம் போகிறார் என்று தெரிந்ததும் 'அரை லூசு' என்று வைத்தான். அந்த மனிதர் வேலையை விட்டுப் போன பிறகும் பெயர் மட்டும் போகவில்லை.

அப்பா போனதிலிருந்து என் வீட்டுக்காரர் ராத்திரியெல்லாம் கொட்டக் கொட்ட விழித்திருப்பார். தட்டில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருப்பார். என்னவென்று கேட்டதற்குப் பல்வலி என்றார். வியாழன்தோறும் பல் டாக்டரிடம் போக ஆரம்பித்தார். நானும் மெனக்கெட்டு எல்லாவற்றையும் குழையக் குழைய வேகவைத்துப் போட்டேன். மாதங்கள் போகப் போக மனிதர் நன்றாகத் தூங்கினார். குளிக்கும்போது பாடினார். பிள்ளைகளோடு தலையணைச் சண்டை போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் பார்த்தவர்களிடமெல்லாம் அந்தப் பல் டாக்டரின் புகழைப் பாடினேன். என் சிபாரிசில் மூன்று பேர் பல்லைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

அடுத்து மாட்டியது என் அண்ணன். கன்னம் பன் மாதிரி வீங்கி வந்து நின்றான். இவருடைய டாக்டரிடமே போகலாம் என்றேன். இவர் முகம் வெளுத்துவிட்டது. வேறு நல்ல டாக்டர் இருக்கிறார் என்று சொல்லிப் பார்த்தார். நான் விடுவேனா, இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு போனேன்.

வரவேற்பில் இருந்த பெண்ணிடம், இவர் மாதக்கணக்காக உங்களிடம் வருகிறவர், எங்களைக் கொஞ்சம் சீக்கிரம் அனுப்புங்கள் என்று உரிமையோடு சொன்னேன். அவள் இவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இதுவரை பார்த்ததே இல்லையே என்றாள். அண்ணன் திரும்பி இவரைப் பார்த்தான். இன்னொரு பொய் சொல்லித் தப்பித்திருக்கலாம். சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது போலிருக்கிறது.

"நான் வர்றது மாடிக்கு மச்சான். மனநல டாக்டர்கிட்ட. அப்பா போனதை என்னால தாங்க முடியல. வெளியில அழ வெக்கமா இருந்துச்சு, அதான் இங்க வந்து அழுதுட்டுப் போறேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. என்னிடம்கூட மறைத்துவிட்டாரே. ஆனால் இத்தனை நாளும் தனியாகவா இந்தப் படியை ஏறினார் என்று நினைத்ததும் கோபம் போன இடம் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் வாயைத் திறந்தான். என்ன பட்டப்பெயர் வரப்போகிறதோ என்று நான் நடுங்கிக்கொண்டிருக்க, நல்ல வேளை, உள்ளேயிருந்து அவனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பல்லைப் பிடுங்கும்போது அவன் போட்ட அலறல் கட்டடம் முழுக்கக் கேட்டது. வெளியே வந்தபோது வாயில் பஞ்சு. எடுக்கச் சொல்லும்வரை கடித்தபடியே இருக்க வேண்டும், பேசவே கூடாது. அண்ணன் வாயை அடைக்க எங்கள் குடும்பத்தில் யாராலும் முடிந்ததில்லை. ஒரு துண்டுப் பஞ்சு அடைத்துவிட்டது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அன்றும் வியாழக்கிழமைதான். மாடியில் இவர் முறை வர நேரமிருந்தது. மூன்று பேரும் மேலே போய் பெஞ்சில் உட்கார்ந்தோம். அண்ணனால் கேலி செய்ய முடியாத அந்த நேரத்தில் இவர் பேச ஆரம்பித்தார். அப்பா கடைசியாகப் போன் செய்தபோது வேலை மும்முரத்தில் எடுக்காமல் விட்டதைச் சொன்னார். லிஃப்டுக்குள் தனியாக நிற்கும்போது மூச்சு முட்டியதைச் சொன்னார். 'அரை லூசு' என்ற பெயர் தனக்கும் வந்துவிடுமோ என்று பயந்ததையும் சொன்னார். அழுதார். பல்வலிக்காக நான் குழையப் போட்டதையெல்லாம் தின்ற கதையைச் சொல்லும்போது அவரே சிரித்துவிட்டார். அண்ணன் கண்ணிலும் தண்ணீர்.

ரத்தம் நின்றுவிட்டதா என்று பார்க்கக் கீழேயிருந்து அந்த வரவேற்புப் பெண் வந்தாள். இனிப் பேசலாம் என்றாள். அண்ணன் பஞ்சை எடுத்தான். நாக்கு மரத்துப்போயிருந்ததால் குழறிக் குழறித்தான் கேட்டான்.

"என்னால பேச முடிஞ்சிருந்தா, இதையெல்லாம் நீ சொல்லியிருப்பியா மாப்ள?"

"மாட்டேன் மச்சான்."

 அண்ணன் அந்தப் பெண்ணிடம் கையை நீட்டி இன்னொரு பஞ்சு கேட்டு வாங்கினான். வாயில் வைத்துக் கடித்துக்கொண்டு, மேலே சொல்லு என்று இவருக்குச் சைகை காட்டினான்.