பதினோரு வயது சாம்பியன்

தேசியப் பட்டம் வென்ற குத்துச்சண்டை வீரர் எவரும், வென்றதற்கான சான்றைக் காட்டினால், முதிய வீரர்களுக்கான இல்லத்தில் தரைத்தள அறை ஒன்றைப் பெறலாம். விண்ணப்பத்துக்கு இரண்டு மாதத்துக்குள் பதில் தரப்படும். விதி இவ்வளவுதான். அதன் நகல் இன்னும் என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. நாற்பது ஆண்டுகள் பிறருடைய விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பிச் சம்பளம் வாங்கிய என் கண்ணில் இதைவிடத் தெளிவான விதி பட்டதில்லை.

நான் எழுதிய விண்ணப்பம் சாம்பியனுக்காக. பாரிஸில் தமிழர் கடைகள் நிறைந்த லா சப்பலில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தோம். என்னைப் போலப் புதுச்சேரிக்காரர். முதல் உலகப் போருக்குச் சிப்பாயாகக் கப்பலேறி, படைமுகாமில் குத்துச்சண்டை பழகி, போர் முடிந்த பிறகு மிகக் குறைந்த எடைப் பிரிவில் பிரான்சின் பட்டத்தை வென்றவர். இடது கண் வீங்கி மூடிக்கொண்டபின் எதிராளியின் மூச்சுச் சத்தத்தைக் குறிவைத்து அடித்ததாகச் சொல்வார். பட்டம் பதினான்கு மாதம் அவரிடம் இருந்தது. பிறகு மணிக்கட்டு உடைந்தது. சந்தைக் கூடாரங்களில் குடிகாரர்களோடு காசுக்குச் சண்டை. கடைசியில் ரயில்வே சரக்குக் கிடங்கு. 1980களில் நான் பழகியபோது, ஃபொபூர் சேன்-தெனி தெருவில் யாழ்ப்பாணத்தவர் ஒருவரின் மளிகைக் கடைக்கு மேலே, லிஃப்ட் இல்லாத ஆறாம் மாடியில் இருந்தார். ஏறி முடிக்க அரை மணி நேரம் ஆகும். ஒவ்வொரு மாடியிலும் சுவரைப் பிடித்து நின்று, “ரவுண்டு முடிஞ்சிது முசியே, ஸ்டூல் எங்க?” என்பார். ‘ஐயா’ என்பதற்கு அவர் வாயில் பிரெஞ்சு ‘முசியே’தான்.

பட்டத்துக்குச் சான்றாகச் செய்தித்தாள் நறுக்கு ஒன்று இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கேட்காத தாளையும் சேர்த்தால்தான் கோப்பு முழுமை என்பது எங்கள் அலுவலக வளர்ப்பு. பிறப்புச் சான்றிதழையும் இணைத்தேன். ரயில்வேயில் சேர வயது வரம்பைத் தாண்டியிருந்ததால், ஊரில் இரண்டு சாட்சிகளை நிறுத்தி நீதிமன்றத்தில் புதிதாக வாங்கியது அது. பதினோரு வயதைக் குறைத்திருந்தார். எங்களவர் பலர் செய்ததுதான். நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. இல்லத்தார் பார்த்தார்கள். பட்டம் வென்றபோது விண்ணப்பதாரருக்கு வயது பதினொன்று என்பதைப் பணிவோடு சுட்டிக்காட்டி, விளக்கம் கேட்டார்கள்.

திருத்த வழி உண்டு. பிறந்த வருடம் பொய் என்று அவரே எழுதிக் கையெழுத்திட வேண்டும். நான் எழுதித் தந்த வரைவைப் படித்துவிட்டுத் திருப்பித் தந்தார்.

“அந்தப் பொய்யிலதான் முசியே முப்பது வருஷம் சோறு தின்னேன். இப்ப அதக் காட்டிக் குடுக்கச் சொல்றீங்களா?” பிறகு சிரித்தார். “பதினோரு வயசுல அவன விழ வச்சேன்னா, இன்னும் பெரிய சாம்பியன்தானே?”

எதையும் ஒப்புக்கொள்ளாமல் எல்லாவற்றையும் விளக்கும் கடிதம் எழுதுவது எனக்குக் கைவந்த கலை. மூன்று எழுதினேன், பதிவுத் தபாலில். பதில் முகவரி மளிகைக் கடை. தினமும் காலையில் போய் நிற்பேன். கடைக்காரர் நிமிராமலே, “இண்டைக்கும் ஒண்டும் வரேல்லை ஐயா. உங்கட சட்டம் வழி தெரியாமல் மெத்ரோவிலை நிக்குதாக்கும்” என்பார். குளிர்காலத்துக்குப் பின் சாம்பியன் கீழே வரவில்லை. கடைக்காரர்தான் சோறு கொண்டுபோய்க் கொடுத்தார். அக்டோபரில் நான்கு பேர் அவரைச் சுமந்து இறக்கினார்கள். படிகள் குறுகல். ஒவ்வொரு மாடியிலும் சவப்பெட்டியைச் சாய்த்துப் பிடித்து மூச்சு வாங்கினார்கள். நான் பின்னால் வந்தேன், வெறுங்கையோடு.

கடை இருந்த இடத்தில் இப்போது தொலைபேசி விற்கிறார்கள். சான்றிதழ் என் இழுப்பறையில், விதியின் நகலுக்கு மேலே கிடக்கிறது. அடக்கம் முடிந்த சில நாளில் கடைக்காரர் எழுந்து வந்து இல்லத்தின் உறையை நீட்டினார். தரைத்தள அறை ஒதுக்கப்பட்டிருந்தது. பிறப்புச் சான்றிதழ் விதிப்படி தேவையற்றது என்பதால் இத்துடன் திருப்பி அனுப்பப்படுவதாக எழுதியிருந்தார்கள். அவருடைய கல்லறைக்கு வாங்கிய சாமந்திப் பூக்களைக் கடைப்படியில் வைத்துவிட்டு இரண்டு முறை படித்தேன். அன்று கல்லறைத் திருநாள், நவம்பர் இரண்டாம் தேதி.